உங்கள் வழக்குக்கு யூதர்கள் சாட்சி இல்லை

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் படத்தைப் பற்றி எழுதியே தீர வேணும்.

2025 ஒக்டோபர் 30 அன்று ஜெருசலேமில் எடுத்தது அது. நகரத்துக்குள் வரும் வீதியை அடைத்துக்கொண்டு கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகப் பெரும் கூட்டம். 'காசாவுக்காகக் கிளர்ந்தெழுந்த உண்மையான யூதர்கள்' என்று தலைப்புப் போட்டு எங்கள் நண்பர் பகிர, எல்லோரும் வரிசையில் வந்து கும்பிடு போட்டிருக்கிறீர்கள். கீழே நான் எழுதியது நாலு வரி. இது காசாவுக்கான கூட்டம் இல்லை, 'எங்கள் பிள்ளைகளை இராணுவத்துக்குப் பிடிக்காதே' என்று ஹரேதிகள், அதாவது கடும் ஆசாரம் பார்க்கிற யூதர்கள், கூட்டிய பிரார்த்தனைக் கூட்டம். அவ்வளவுதான். அதற்கு 'இனப்படுகொலைக்கு வெள்ளையடிக்கிறான்' என்று ஒருவர். 'எவ்வளவு தந்தவங்கள்?' என்று இன்னொருவர். அவர் என் வீட்டில் சாப்பிட்டவர். சரி, விடுவோம்.

விஷயம் இதுதான். 1948இல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் 400 யேஷிவா (யூத சமயப் பள்ளி) மாணவர்களுக்குப் படைசேவையில் இருந்து விலக்குக் கொடுத்தார். ஐரோப்பாவின் யேஷிவாக்களை நாசிகள் அழித்துவிட்டிருந்த நேரம், மிச்சம் இருப்பவர்களாவது படிக்கட்டும் என்ற எண்ணம். 1977இல் பெகின் பிரதமராக வந்து அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார். 2024 ஜூன் 25இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, இந்த விலக்குக்குச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அப்போது படைசேர்ப்பு வயதில் இருந்த யேஷிவா மாணவர்கள் சுமார் 63,000 பேர். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பொடியன்களைப் பிடிக்கத் தொடங்கினதுக்குத்தான் இவ்வளவு கூட்டம். காசாவில் குண்டு விழுந்த மாதங்களில் இதே ஆக்களின் ஷாஸும் ஐக்கிய தோரா யூதக் கட்சியும் நெதன்யாகுவோடுதான் இருந்தன. 2025 ஜூலையில் அவர்கள் விலகியது படைசேர்ப்புச் சட்டத்துக்காக, காசாவின் ரஃபா நகரத்துக்காக இல்லை.

'ஏன், ஐக்கிய தோரா யூதக் கட்சியின் கஃப்னி போரைக் கேள்வி கேட்கவில்லையா?' என்று ஒரு தம்பி இன்பொக்ஸில் வந்து மடக்கினார். கேட்டார். 2025 ஜூனில், காசாவில் ஒரே நாளில் ஏழு படையினர் செத்த அடுத்த நாள், எதற்காக அங்கே இன்னும் சண்டை பிடிக்கிறோம் என்றே தனக்கு விளங்கவில்லை என்றார். நல்லது. அது கஃப்னி. ஒக்டோபர் கூட்டத்தின் கோரிக்கை அது இல்லை, தம்பி.

வட லண்டனில் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் ஒரு தமிழ் ஆளின் ஹாட்வெயார் கடையில் நான் கனகாலம் நின்றனான். பாஸ்கா வர முதல் அலுமினியத் தாள் பெட்டி பெட்டியாகப் போகும், அவர்களுக்குக் குசினி முழுக்க மூட வேணும். ஓய்வுநாளான சப்பாத்தில் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதால் லைட்டுக்குப் போடுகிற டைமரும் அப்படித்தான் போகும். ஒரு கிழவர் வருவார், சட்மர் என்ற ஹரேதிப் பிரிவு. மீட்பரான மேசியா வர முதல் யூதருக்கு என்று ஒரு அரசு கட்டினதே பாவம் என்பார். யூதச் சட்ட நூலான தல்மூதில் மூன்று சத்தியங்கள் இருக்கின்றன: யூதர் திரண்டு பலவந்தமாக அந்த நிலத்துக்கு ஏறிப் போகக் கூடாது, மற்ற இனங்களுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யக் கூடாது, மற்ற இனங்கள் யூதரை அளவுக்கு மீறி வருத்தக் கூடாது. சட்மர் பிரிவின் தலைவர் ரெபே யோயெல் டைட்டெல்பாம் தன் வாதம் முழுவதையும் இதன்மேல்தான் கட்டினார். அங்கே ஒரு பலஸ்தீனரும் இல்லாமல் வெறும் காடாகக் கிடந்திருந்தாலும், அரசு முழுக்க முழுக்க யூத வேதமான தோராவின்படி நடந்தாலும், அது பாவம்தான். அதே கிழவரின் மகள் ஜெருசலேமில். ரொக்கெட் விழுந்த நாளில் கிழவர் கடைக்குள்ளேயே நின்று போனை அமத்தி அமத்திப் பார்ப்பார், வாய் தாவீதின் சங்கீதம் முணுமுணுக்கும். பலஸ்தீனக் கொடியோடு நிற்கும் நெதுரே கார்தா என்ற சிறு ஹரேதிக் குழுவைப் பற்றி ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. 2006இல் அவர்கள் தெஹ்ரானுக்கு, யூதப் படுகொலையை மறுக்கிறவர்கள் கூடின மாநாட்டுக்குப் போனதை சட்மர் தலைமையே கண்டித்தது. அந்த மனுசன் சியோனிசத்துக்கு எதிரி. நெதுரே கார்தாவுக்கும் எதிரி. இவரை எந்தப் பக்கத்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவீர்கள்?

அடுத்த பக்கம் பாருங்கள். மதவழிச் சியோனிசத்தின் குரு ராவ் கூக் அதே தோராவைப் படித்தவர்தான். கடவுளை நம்பாமல் கலப்பை பிடித்த சியோனிசப் பொடியன்களும் தாங்கள் அறியாமலே மீட்பின் வேலையைச் செய்கிறார்கள் என்றார். 1967க்குப் பிறகு அவருடைய மகனின் சீடர்கள் அந்த எண்ணத்தை மேற்குக் கரை மலைகளில் குடியேற்றமாக்கினார்கள். தீவிர வலதுசாரி அரசியல்வாதி ஸ்மோட்ரிச் வரைக்கும் வருகிற பாதை அது. ஆனால் கிப்பா என்ற யூதத் தொப்பி போட்ட, சப்பாத் தவறாத இஸ்ரேலியச் சிந்தனையாளர் லெய்போவிட்ஸ் 1968இலேயே எழுதினார்: வேறொரு மக்களை ஆளப் போனால் இது இரகசியப் பொலிஸ் நாடாகிவிடும் என்று. ஷாஸின் குரு ஒவாடியா யோசெஃப், உயிர் காக்கும் என்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னவர். அதே வாயால் அரபுகளைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கூசுது.

இதில் எது 'யூதர்களின் கருத்து'? எனக்குப் பதில் சொல்லுங்கோ. பிடித்தவரைப் பொறுக்கி எடுத்து 'உண்மையான யூதர்' என்று பட்டம் கட்ட நாங்கள் யார்? கொழும்பு ரீவிக்காரன் எங்களுக்கு என்ன செய்தான்? 'தமிழருக்குப் பிரச்சினையே இல்லை' என்று சொல்ல ஒரு தமிழரைக் கொண்டுவந்து இருத்தினான். அன்றைக்கு எவ்வளவு கொதித்தோம்! இப்ப அதே வேலையை நாங்கள் செய்கிறோம், அதுவும் விடுதலையின் பேரில்.

'காசாவில் பிள்ளைகள் சாகுது, உனக்குப் படத்தின் தலைப்பா முக்கியம்?' ஓம், முக்கியம். நான் லண்டன் ஊர்வலங்களில் மழையில் நடந்தவன். அங்கே யூதர்களும் தனி அணியாக, தங்கள் பதாகையோடு நடந்தார்கள். தெல் அவீவில் காசாப் பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு வாய் திறக்காமல் வரிசையில் நின்ற இஸ்ரேலியர்கள் இருக்கிறார்கள், கண்ட ஏச்சும் வாங்கிக்கொண்டு. போருக்கு எதிரான யூதர்தான் வேணும் என்றால் அவர்களைப் பகிருங்கள். பகிர மாட்டீர்கள். அவர்கள் ஜீன்ஸும் ரீசேட்டும் போட்டிருக்கிறார்கள். தாடி இல்லை, கோட்டு இல்லை, லைக் வராது.

இவ்வளவு ஏச்சையும் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது மாமா செய்தது. என் கொமெண்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் 'உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்' என்ற வசனத்தோடு போட்டிருக்கிறார். நான் இஸ்ரேல் அரசை ஆதரித்தேனாம், கடைசியில் எனக்கும் புத்தி வந்துவிட்டதாம். சபையில் இருந்து யாரோ 'அல்லேலூயா தம்பி' என்று குரல் பதிவு வேறு அனுப்பியிருக்கிறார். மாமாவின் கணக்கில் யூதர்கள் எல்லோரும் வேதாகமத்தை நிறைவேற்றப் பிறந்தவர்கள். அந்தக் கோட்டுக்காரரிடம் சபையின் ஒரு பிரசுரத்தை நீட்டிப் பார்க்கட்டும், தெரியும். குண்டு விழுந்த வீட்டுக்குள் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று அவருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! காசாவில் தேவாலயம் இருக்கிறதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

மாமா, இதையும் வாசிப்பீர்கள் என்று தெரியும். வேலை முடிய எடுக்கிறேன். அதுக்கு முதல் அந்த ஸ்கிரீன்ஷொட்டைக் குரூப்பில இருந்து எடுத்து விடுங்கோ.