பீட்டர் அல்லிஸ் வெறும் கமெண்டேட்டர் இல்ல
பீட்டர் அல்லிஸ் பத்தின உங்க கட்டுரை நல்லாருக்கு சார், ஆனா அவரோட பிபிசி கோல்ஃப் கமெண்ட்ரியோட நின்னுடுச்சே. அதுக்கு முன்னாடி மனுஷன் பல வருஷம் கிளப் ப்ரோவா, அதாவது ஒரு கோல்ஃப் கிளப்போட தொழில்முறை ஆட்டக்காரரா இருந்து மெம்பர்களுக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவர், அப்பா பெர்சிக்கும் அதே வேலைதான், அவர் பெர்லின்ல ப்ரோவா இருந்தப்ப 1931ல பொறந்தவர்தான் இவர். அமெரிக்காவுக்கு எதிரான ரைடர் கப் டீம் போட்டில 8 தடவ ஆடியிருக்கார், அதுல 1953ல இங்கிலாந்துல வென்ட்வொர்த்ல கடைசி ஹோல்ல ஒரு சின்ன 'பட்'ட (பந்த குழிக்குள்ள உருட்டுற ஷாட்ட) மிஸ் பண்ணவர். அந்த வலி தெரிஞ்சதாலதான் 1999 ஓபன் போட்டில, ஸ்காட்லாந்தோட கார்னூஸ்டி மைதானத்துல, பிரெஞ்சு வீரர் வான் டி வெல்ட் கடைசி ஹோல்ல 3 ஷாட் லீட வச்சுக்கிட்டு ஓடைக்குள்ள இறங்கினப்ப பீட்டரால கமெண்ட்ரில அப்படிப் பதறிப் பேச முடிஞ்சதுன்னு நான் நினைக்கிறேன். 2020 நவம்பர்ல, 89 வயசுல, வீட்ல இருந்தே அமெரிக்காவோட மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டிக்கு கமெண்ட்ரி கொடுத்தார், அடுத்த மாசமே போயிட்டார். 20க்கு மேல புக் எழுதியிருக்கார், அதப் பத்தியும் கண்டிப்பா எழுதுங்க சார்.