"ஆமைக்குத் தண்ணிக்குள்ள மூச்சு முட்டுமா, மிஸ்?"

மாசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. நல்லா வளர்ந்த ஆமை, ஓடு மட்டும் ஒன்றரை முழம் இருக்கும். கண் ரெண்டும் பிதுங்கி, கழுத்து வீங்கிப் போயிருந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சுற்றிலும் செல்போனோடு இருபது பேர். "கப்பல்ல அடிபட்டிருக்கும்" என்றார் ஒருவர். "பிளாஸ்டிக்கைத் தின்னிருக்கும்" என்றார் இன்னொருவர்.

கொஞ்சம் தள்ளி ஃபைபர் போட்டின் நிழலில் உட்கார்ந்து வலையிலிருந்து கவளை மீனைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மடியில மாட்டி மூச்சு முட்டிப் போச்சு, டீச்சரம்மா." மடி என்றால் இழுவை வலையின் கடைசியில் மீன் சேருகிற பை.

என்னிடம் எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனும் அங்கே நின்றிருந்தான். அவன் கேட்டதைத்தான் இந்தப் பதிவுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

முட்டும். ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டுதான் மறுபடி முங்கும். இழுவை வலைக்குள் மாட்டிவிட்டால் வலையை மேலே தூக்குகிற வரைக்கும் அதற்கு வழி இல்லை. கண் பிதுங்குவதும் கழுத்து வீங்குவதும் அப்படிச் செத்த ஆமைகளில் பார்க்கிற அடையாளம். அந்தப் பெரியவர் ஒரே பார்வையில் சொன்னதைத்தான் பிரேதப் பரிசோதனை செய்கிற கால்நடை மருத்துவரும் எழுதியிருப்பார்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு அந்தப் பையனுக்கு. பதின்மூன்று வருஷமாக அலைச்சத்தம் கேட்டுத்தான் தூங்குகிறான். பசிபிக்கின் ஆழம் எவ்வளவு என்று கேட்டால் சொல்வான். தன் ஊர்க் கரையில் தை மாசத்திலிருந்து ஏறி வந்து, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடுகிற ஆமை எப்படி மூச்சு விடுகிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பத்து வருஷமாக உயிரியல் எடுக்கிற நானும் சொன்னதில்லை. அன்று முழுக்க அது என் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

2025 தொடக்கத்தில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது முகநூல் முழுக்க மீனவர்களைத் திட்டித் தீர்த்தோம். திட்டுவது சுலபம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையை ஒட்டிய அந்தப் பகுதியில்தான். ஆமை தப்பிக்க ஒரு கருவியும் இருக்கிறது. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். மீனும் இறாலும் கம்பி இடுக்கு வழியாக மடிக்குள் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரியே இதை வடிவமைத்திருக்கிறது. "அதே ஓட்டை வழியா மீனும் போயிடுமே" என்பது படகுக்காரரின் பயம். ஒரு நாள் டீசல் செலவு தெரிந்த யாரும் அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர் படகிலேயே அந்த வலையைப் போட்டு இழுத்து, விழுந்த மீன்பாட்டை அவர் கண் முன்னால் நிறுத்துக் காட்டினால்தான் அது தீரும். இந்தக் கருவி இல்லாததைக் காரணம் காட்டி, நாம் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா 2019லிருந்து வாங்குவதில்லை. ஏலக்கூடத்தில் விலை இறங்குவதற்கும் ஆமைக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை அங்கே நிற்கிறவர்களிடம் தமிழில் உட்கார்ந்து பேசவேண்டாமா?

கடல் பாதுகாப்பு என்றாலே கையுறை போட்டுக் குப்பை பொறுக்குவது என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. நானும் நாலைந்து தடவை அழைத்துப் போயிருக்கிறேன். வேண்டாத வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளைகள் மணலைத்தான் பார்க்கிறார்கள். கடலை ஒருத்தரும் காட்டுவதில்லை.

இத்தனைக்கும் நம் மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1960களிலிருந்து இயங்குகிறது. நாடு முழுவதிலிருந்தும் ஆராய்ச்சி செய்ய அங்கே வருகிறார்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். என் வகுப்பில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு அத்தை வீடு அங்கே.

படித்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சதுப்புக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் மண் உள்வாங்கித் தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பேறி, கன்று வைத்தாலும் பிழைக்காத நிலமானது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரியே இருக்கும். ஓதம் ஏறி இறங்கியது, உப்பு கழுவிப் போனது, நட்ட கன்று பிழைத்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பதை உலகமே பிறகு படித்தது. அன்றைக்கு தேவனாம்பட்டினத்தில் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

சொல்லித்தருவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரக்கூடாது என்பதும் என் எண்ணம். நீரோட்டத்துக்கு வண்ணி, தெண்டி என்று பெயர் வைத்து, தண்ணீரின் நிறம் பார்த்து வலை விடுகிறவர்கள் நம் மீனவர்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கட்டிப்போட்டுவிட்டு உட்காருகிறவர்கள். அந்தத் தடைக்காலத்தில் ஏலக்கூடம் காலியாகத்தான் கிடக்கும். அங்கே ஒரு கரும்பலகை வைத்து, இந்த வருஷம் நம் கடலில் எதை அளந்தார்கள், என்ன கண்டார்கள் என்று பத்து வரி தமிழில் எழுதிப் போடலாம். கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆராய்ச்சி மாணவர் பக்கத்தில் நிற்கலாம். இதற்கு என்ன பெரிய செலவு?

அந்தப் பெரியவரிடம் பேசிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடுக்கு எங்கள் பள்ளிக்கு வருகிறார். "நான் என்னத்தம்மா பாடம் எடுக்கப் போறேன்" என்று தயங்கினார். வலையை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்க ஐயா, மீதியைப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பரங்கிப்பேட்டையில் படிக்கிற, ஆராய்ச்சி செய்கிற யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். புரொஜக்டர் எல்லாம் வேண்டாம். வேப்பமரத்தடி இருக்கிறது, அறுபது பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் கேள்வியை அந்தப் பையன் இப்போதே எழுதி வைத்திருக்கிறான்: ஆமை முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்யுமாமே, அப்படியென்றால் நம் கரையில் இப்போது என்ன பொரிக்கிறது?