நெரிசல் தீரல, ஹெப்பாளுக்கு மாறுச்சு
பெங்களூர் ஏர்போர்ட்ட ஊருக்கு வெளிய தேவனஹள்ளிக்கு மாத்தினதும் டிராபிக் தொல்லை தீர்ந்துச்சுன்னு இந்தக் கட்டுரையில போட்டிருக்கு, எங்க தீர்ந்துச்சு, ஏர்போர்ட் போற வழியில இருக்கிற ஹெப்பாள் மேம்பாலத்துக்கு இடம் மாறுச்சு அவ்ளோதான். 2008 மே மாசம் ஊருக்குள்ள இருந்த பழைய ஹெச்ஏஎல் ஏர்போர்ட்ல பயணிகள் விமானத்த நிறுத்தினப்போ ஊர்ல மெட்ரோவே கிடையாது, அது 2011ல தான் வந்துச்சு. ஜெயநகர்ல இருந்து சென்னை ஃப்ளைட் புடிக்கணும்னா ஏர்போர்ட்டுக்குப் போற வாயு வஜ்ரா பஸ்ல உக்கார்ற நேரம் ஃப்ளைட்ல உக்கார்றத விட ஜாஸ்தி, ஹெப்பாள் வந்ததும் பாதி பேர் போன்ல டைம் பாத்துட்டே இருப்பாங்க. மேல கமெண்ட்ல ஒருத்தர் ஓசூருக்கு ஏன் இன்னும் ஏர்போர்ட் வரலன்னு கேட்டிருக்காரு, தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்குப் போட்ட ஒப்பந்தத்துலயே 150 கிலோமீட்டருக்குள்ள 25 வருஷம், அதாவது 2033 வரைக்கும், மைசூர் ஹாசன் தவிர வேற ஏர்போர்ட் கூடாதுன்னு ஷரத்து இருக்குங்க, கட்டுரையில அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல.