தந்தி கப்பல் தபாலை ஒழிக்கவில்லை

"வெள்ளைக்காரன் காலத்தில் தந்தி வந்ததும் கப்பல் தபால் படுத்துவிட்டது, கடிதமே தந்தியில்தான் போனது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தந்தி வந்தது சரி, மற்றது தவறு.

தந்திக்குச் சொல் கணக்கில் காசு, கடல்கடந்த தந்திக்கு இன்னும் அதிகம். அதில் யார் குடும்பக் கடிதம் எழுதுவார்கள்? வியாபாரிகள்கூட ஒரு முழு வாக்கியத்தைக் குறிக்க ஒரே சங்கேதச் சொல்லை வைத்துக்கொண்டு காசை மிச்சப்படுத்தினார்கள். கடிதம், பத்திரிகை, பார்சல் எல்லாம் கப்பலில்தான் தொடர்ந்து போயின. பம்பாய்க்கு 1870-ல் கடலடித் தந்திக் கம்பி வந்த பிறகும் நிலைமை அதுவே.

தந்தி கப்பலுக்குப் போட்டி இல்லை, உதவியாள். 1851 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஓஷாக்னசி போட்ட முதல் முறையான தந்திக் கம்பியே கல்கத்தாவிலிருந்து, தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள டயமண்ட் ஹார்பர் பக்கம்தான் போனது. அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் எந்தக் கப்பல் தெரிகிறது என்ற செய்தி, கப்பல் துறைக்கு வந்து சேருமுன்பே நகரத்துக்கு எட்டிவிடும். இலங்கையில் இன்னும் சுவாரசியம்: காலி துறைமுகத்துக்கு வந்த தபால் கப்பலின் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகை ஒன்று புறா மூலம் வரவழைத்தது. 1858-ல் தந்திக் கம்பி வந்ததும் வேலை இழந்தது புறாதான், தபால் கப்பல் இல்லை!

அப்புறம், "தபாலும் தந்தியும் ஆரம்பத்திலிருந்தே ஒரே இலாகா" என்று சிலர் நினைப்பதும் தவறு. இந்தியாவில் இரண்டும் ஒரே தலைமையின் கீழ் வந்தது 1914-ல்தான். அதற்கு முன் சில ஊர்களில் இரண்டும் ஒரே கட்டடத்தில் இயங்கியதைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம்.