ஃபிரான்சஸ் டேவர்ன்: 'ஒரு செங்கல்கூட மாறவில்லை' என்பது சரியல்ல

நியூயார்க்கின் ஃபிரான்சஸ் டேவர்ன் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: 'அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான மதுக்கூடம், 1719 முதல் ஒரு செங்கல்கூட மாறவில்லை.' இரண்டுமே தவறு.

பிரகடனத்தில் கையெழுத்திட்டது 1776-இல், பிலடெல்ஃபியாவில். இங்கே நடந்தது வேறு. அமெரிக்க சுதந்திரப் போர் முடிந்தபின், 1783 டிசம்பர் 4 அன்று, தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் தன் படை அதிகாரிகளிடம் விடைபெற்றது இங்கேதான். அந்தப் பெருமையே போதாதா?

சரி, கட்டடம்? 1719-இல் டிலான்சி குடும்பத்துக்காக எழுந்த வீடு அது. 1762-இல் சாமுவேல் ஃபிரான்சஸ் வாங்கி, 'குயின்ஸ் ஹெட்' என்ற மதுக்கூடமாக்கினார். அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் பலமுறை தீப்பிடித்து, மாற்றிக் கட்டி, பழைய தோற்றமே போய்விட்டது. இன்று நாம் பார்ப்பது 1907-இல், பெரும்பகுதி ஊகத்தின் பேரில் மீட்டுக் கட்டியது. கட்டடத்தின் கதையை அங்குள்ள அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.