முத்தம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை 'அந்நியர்களிடம் எச்சரிக்கை' என்பதோடு நின்றுவிட்டது. பெரும்பாலும் தப்பு செய்பவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லித்தருபவர். அதனால்தான் பிள்ளை வாய் திறப்பதில்லை. கலகலவென்று இருந்த பிள்ளை திடீரென்று படுக்கையை நனைக்கும், குறிப்பிட்ட ஒருவர் வந்தாலே அறைக்குள் ஓடும் (வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் விசாரிக்க வேண்டாமா?). நாமோ அடம் என்று திட்டுவோம். 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று வற்புறுத்துவோம், மறுத்தால் 'மரியாதை தெரியாத பிள்ளை' என்போம். அப்புறம் அது யாரிடம்தான் மறுக்கும்? பாதிப்பு சிறுவயதோடு முடிவதுமில்லை. 1998-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இத்தகைய கொடுமைகளுக்கும் பிற்கால மனச்சோர்வு, போதைப் பழக்கம், இதய நோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. பிள்ளை சொல்ல வந்தால் முதலில் நம்புங்கள். 'ஏன் அப்போதே சொல்லவில்லை' என்று மட்டும் கேட்காதீர்கள்.