தக்கையைப் பார்ப்பது சும்மா உட்காருவது அல்ல
'ஒன்றும் செய்யாமல் உட்காரக் கிடைக்கும் ஓய்வுதான் தூண்டிலின் ஈர்ப்பு' என்று தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கண்மாய்க் கரையில் தூண்டில் போடுகிறவரின் கண், நூலில் கட்டி நீரில் மிதக்கவிட்ட தக்கையை விட்டு நகராது, ஏனென்றால் எந்த மீன் வந்திருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். ஜிலேபி மீன் கொத்தினால் தக்கை படபடவென்று துடிக்கும். அப்போதே தூண்டிலைச் சுண்டினால் இரையோ மீனோ இல்லாத வெறும் தூண்டில் முள்தான் வரும். துடிப்பு நின்று, தக்கை ஒரு பக்கமாக நகர்ந்து அமிழும் அந்த நொடியில் சுண்ட வேண்டும். கெளுத்தி என்றால் நேரே கீழே இழுக்கும். விராலுக்குத் தவளை கோத்திருந்தால், கவ்வியதும் இழுக்காமல் அது விழுங்கச் சில நொடி விடவேண்டும். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கைக்கு ஈயம் கட்டுவதே தனிக் கலை: நுனி அரை அங்குலம் மட்டும் நீருக்கு மேல் நிற்க வேண்டும். ஈயம் குறைந்தால் தக்கை தூக்கி நிற்கும், மீன் இழுக்கும்போது கனம் தெரிந்து இரையைத் துப்பிவிடும். புழுவின் வாலை நீளமாகத் தொங்கவிட்டாலும் இதே கதிதான், வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் உயிர்கள் விடாமல் முயலும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைகளில் காட்டினார்; தூண்டிலில் அதோடு கைத்திறனும் சேர்கிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'வலை போட்டால் நிறைய கிடைக்குமே' என்று கேட்டிருக்கிறார். கிடைக்கும்தான், ஆனால் அந்தத் தக்கை அமிழும் நொடி வலையில் கிடையாது. ஒன்று மட்டும்: செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தால் அடியில் தாய் தந்தை விரால் காவல் இருக்கும், அங்கே தயவுசெய்து தூண்டில் போடாதீர்கள்.